அந்த மேகம் மட்டும் நகருது

வடக்கு நார்வேயில் இருக்கும் டிராம்சோவுக்குக் கிளம்புவதற்கு முந்தைய எட்டு மாதமும் என் கைப்பேசியில் ‘பச்சை’ என்று ஒரு ஃபோல்டர் கொழுத்துக்கொண்டே வந்தது. உள்ளே 212 படங்கள். எல்லாமே துருவ ஒளி. பனி மூடிய மலை, அடிவாரத்தில் சிவப்பு மர வீடு, ஜன்னலில் மஞ்சள் விளக்கு, மேலே வானம் முழுக்கப் பச்சைத் திரை. கொஞ்சம் தள்ளி, நெற்றியில் விளக்கு மாட்டிய ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி அண்ணாந்து நிற்பார். யாரென்று தெரியாது. ஆனால் நாற்பது படத்திலாவது அவர் இருந்தார். அவர் நிற்கிற இடத்தில் நான் நிற்க வேண்டும். பயணத்தின் நோக்கம் அவ்வளவுதான்.

ஆசை தொற்றிக்கொண்டது 2024 மே மாதத்தில். 10ஆம் தேதி இரவு ஒரு பெரிய சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கியதில், வழக்கமாக இந்த ஒளி எட்டிக்கூடப் பார்க்காத நாடுகளில் எல்லாம் வானம் இளஞ்சிவப்பாகவும் பச்சையாகவும் ஆனது. அடுத்த சில நாள் எந்தச் செயலியைத் திறந்தாலும் அதே வானம்தான். அக்டோபரில் நாசா, சூரியன் தன் பதினோரு வருடச் சுழற்சியின் உச்சக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று அறிவித்தது. இதை விட்டால் இன்னொரு பத்து வருடம் ஆகும் என்று எனக்கு நானே பயம் காட்டி, ஜனவரிக்கு டிக்கெட் போட்டேன்.

அலுவலகத்தில் என் வேலையே மற்றவர்களின் திட்டங்களுக்குக் கால அட்டவணை போடுவது. சொந்தப் பயணத்தை விட்டுவிடுவேனா? நான்கு நாளுக்கு ஒரு எக்செல் தாள், அரை மணிக்கு ஒரு வரி. மூன்று இரவுகளிலும் ஒன்பது மணி முதல் ஒரு மணி வரையிலான கட்டங்களுக்குப் பச்சை நிறம் அடித்து, உள்ளே ‘பச்சை’ என்றே எழுதி வைத்தேன். சூரியனுக்கு ஒரு பிரதி அனுப்பாததுதான் பாக்கி. என்னோடு வரவிருந்த அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: “ரொம்பக் குளிருமா?”

அக்கா எதையும் பார்த்து வைக்கவில்லை. ஊர்ப் பெயரைக்கூடக் கடைசி வரை சரியாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது ‘அந்த நார்வே’.

விமானம் இறங்கும்போது மழை பெய்துகொண்டிருந்தது. பனி இல்லை, மழை. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 350 கிலோமீட்டரில், ஜனவரி மாதத்தில், ஜன்னல் கண்ணாடியில் சாவகாசமாக வழிகிற மழை. வெளியே மூன்று டிகிரி. நானோ மைனஸ் முப்பதுக்குத் தயாராகப் போயிருந்தேன். உள்ளுக்குள் இரண்டு அடுக்குக் கம்பளி, அதற்கு மேல் விண்வெளிக்குப் போகிறவர்கள் போடுவதுபோல ஒரு அங்கி, கைக்குள் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பைகள் இரண்டு டஜன். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கரையோரத்தைத் தொட்டுப் போவதால், அதே அட்சரேகையில் உள்ள மற்ற இடங்களைவிட டிராம்சோ மிகவும் மிதமானது. துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. இதெல்லாம் எழுதி வைக்கப்பட்ட விஷயம்தான், நானும் படித்திருந்தேன். ஆனால் பெட்டி கட்டும்போது படித்ததை வைத்துக் கட்டவில்லை, படத்தில் பார்த்த குளிரை வைத்துத்தான் கட்டினேன்.

பெய்த மழை பழைய பனி மேல் விழுந்து இரவில் உறைந்து, தெருவெல்லாம் கண்ணாடி. செருப்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் முள் பட்டை இல்லாமல் பத்தடி நடக்க முடியாது. என் அட்டவணையில் ‘நகரில் நடை, அரை மணி’ என்று இருந்த வரி ஒன்றே முக்கால் மணி ஆனது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, தரையில் முட்டை பரப்பியிருப்பதுபோல அடி எடுத்து வைத்தாள்.

அப்புறம் அந்த இருட்டு. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் உதிப்பதில்லை. இருபத்துநாலு மணி நேரமும் நள்ளிரவு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். பகலில் வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது என்று முடிவு கட்டி, பத்திலிருந்து இரண்டு வரையிலான கட்டங்களில் ‘தூக்கம்’ என்று போட்டிருந்தேன். ஆனால் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே இருந்தாலும் மிகக் கீழே போய்விடுவதில்லை. முற்பகலில் வெளிச்சம் மெதுவாகக் கசியத் தொடங்குகிறது. முதலில் மையின் நிறம், பிறகு பனி, கூரை, கடல் எல்லாம் ஒரே நீலம், நண்பகலில் தெற்கே ஒரு மூலையில் மட்டும் பீங்கான் கோப்பையின் உட்புறம்போல மெல்லிய ரோஜா நிறம். நிழல் என்று எதுவுமே இல்லை. இந்த ஒளியைப் பற்றி என் ஃபோல்டரில் ஒரு படம்கூட இல்லை, நானும் தேடவில்லை. முதல் நாள் அதைத் தூங்கிக் கழித்தேன். அக்கா தூக்கம் வராமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாளாம். “நல்லா இருந்துச்சு” என்றாள்.

முதல் இரவு முழுக்க மேகம். ஒன்றும் இல்லை. விட்டுவிடலாம்.

இரண்டாவது இரவு, எங்களை அழைத்துப் போன வழிகாட்டி கரையோரத்தை நம்பவில்லை. கடலிலிருந்து வரும் ஈரத்தை மலைகள் தடுத்துவிடுவதால் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் ஃபின்லாந்து எல்லைப் பக்கமாக நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டியை ஓட்டினார். வழி நெடுக நான் செயலியையே பார்த்துக்கொண்டு வந்தேன். துருவ ஒளிக்கு கே.பி. எண் என்று ஒரு அளவு உண்டு, பூஜ்ஜியத்திலிருந்து ஒன்பது வரை. பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று அது சொல்லும். அன்று இரண்டு. எனக்கு மனசே விட்டுப்போனது. என் படங்களுக்கு அடியில் ஏழு, எட்டு என்றல்லவா போட்டிருந்தார்கள்! வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: துருவத்தைச் சுற்றி இந்த ஒளி ஒரு வளையமாகத்தான் இருக்கும், டிராம்சோ அந்த வளையத்துக்குக் கீழேயே இருக்கிறது, இங்கே இரண்டு தாராளம்; எண் ஏற ஏற வளையம் விரிந்து தெற்கே போகும், ஏழும் எட்டும் தெற்கே இருப்பவர்கள் வேண்டிக்கொள்ள வேண்டியது. எட்டு மாதமாகத் தப்பான எண்ணுக்கு ஆசைப்பட்டிருந்திருக்கிறேன்.

ஒரு பனிவெளியில் இறக்கிவிட்டார். இங்கே நிஜமாகவே மைனஸ் இருபது. அங்கிக்கு ஒருவழியாக வேலை வந்தது. மலை இருந்தது. சிவப்பு வீடு இல்லை. மேலே நட்சத்திரங்கள் நெருக்கமாக இருந்தன. வடக்கே மட்டும் தாழ்வாக ஒரு மேகம், ஒரு மலையிலிருந்து மறு மலை வரை நீளமாக, சாம்பல் வெள்ளையில். அந்த மேகம் என்னைப் படுத்தியது. அது விலகினால்தானே பின்னால் இருப்பது தெரியும்! முக்காலியை விரித்தேன், கால்களைப் பனியில் அழுத்தினேன், மேகத்தைத் திட்டினேன், செயலியைப் பார்த்தேன், மறுபடி மேகத்தைத் திட்டினேன். பத்து நிமிடம் போனது.

அக்கா கைப்பேசியை அறையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். செய்ய வேறு வேலை இல்லாமல் அண்ணாந்து நின்றவள் சொன்னாள்:

“அந்த மேகம் மட்டும் நகருதுடி.”

“காத்துல நகரத்தானே செய்யும்.”

“காத்தே இல்லையேடி.”

உண்மைதான். மூச்சு விட்டால் ஆவி முகத்துக்கு முன்னாலேயே நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தச் சாம்பல் பட்டை ஓரிடத்தில் மடிந்து, மெதுவாகப் பிரிந்து, நடுவில் செங்குத்தாகச் சில கோடுகளை விட்டது. அதற்குள்ளே நட்சத்திரங்கள் தெரிந்தன. மேகத்துக்குள் நட்சத்திரம் தெரியாது. வழிகாட்டி பக்கத்தில் வந்து, வந்ததிலிருந்தே இது இருக்கிறதே, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றார்.

எட்டு மாதம் காத்திருந்த ஒன்றின் கீழே நின்றுகொண்டு, அது மறைக்கிறதே என்று அதையே பத்து நிமிடம் திட்டியிருக்கிறேன். ஏமாற்றம் எனக்குப் பழகியதுதான். எதிர்பார்ப்பு பெரிதாக இருந்தால் கிடைப்பது சிறிதாகத் தெரியும், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு நடந்தது அதுவல்ல. சிறிதாகக்கூடத் தெரியவில்லை. கண்ணுக்கு நேரே இருந்தது கணக்கிலேயே வரவில்லை.

உடனே படம் எடுத்தேன். மூன்று நொடி திறந்திருந்த கேமரா, திரையில் சுத்தமான பச்சையைக் காட்டியது. 212 படங்களில் ஒன்றாகச் சேர்த்துவிடலாம், அப்படி ஒரு பச்சை. தலையைத் தூக்கினால் சாம்பல். குனிந்தால் பச்சை. தூக்கினால் சாம்பல். எது பொய் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.

இரண்டும் பொய் இல்லை. பூமிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலே, சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் துகள்களின்) தூண்டலில் மேலிருந்து இறங்கும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனில் மோதும்போது 557.7 நானோமீட்டர் பச்சை ஒளி வருகிறது. அது அங்கே இருக்கிறது. நம் விழித்திரையில்தான் விஷயம். நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் ஒவ்வொரு கண்ணிலும் சுமார் 60 லட்சம், அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்வது சுமார் 12 கோடி கோல் செல்கள், அவற்றுக்கு நிறம் தெரியாது. கேமரா மூன்று நொடியோ பத்து நொடியோ ஒளியைச் சேர்த்து வைத்துக்கொண்டு காட்டுகிறது. கண் அப்படிச் சேர்த்து வைப்பதில்லை. ஒளி பலமாக இருந்தால் கண்ணுக்கும் பச்சை தெரியும், மங்கலாக இருந்தால் சாம்பல்தான். 1892இல் மார்ட்டின் பிரெண்டல் என்ற ஜெர்மானியர் வடக்கு நார்வேயில் எடுத்த துருவ ஒளியின் ஆரம்பகாலப் புகைப்படம் கறுப்பு வெள்ளை. அன்று நான் கண்ணால் பார்த்ததற்கு, என் ஃபோல்டர் முழுவதையும்விட அதுதான் கிட்டத்தில் வரும்.

அக்காவுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. “ஸ்லேட்ட ஈரத்துணியால துடைச்சா சாக்பீஸ் கோடு கோடா நிக்குமே, அப்படி இருக்கு” என்றாள். அவ்வளவு சரியான வர்ணனையை நான் எங்கேயும் படிக்கவில்லை. பச்சை இல்லையே என்று அவளுக்கு வருத்தமும் இல்லை. பச்சையாக இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது? நான் சொல்லியிருக்கிறேன், எக்செல் தாளோடு. அவள் திறக்கவே இல்லை.

வழிகாட்டி எங்கள் எல்லோரையும் திரைகளை அணைக்கச் சொன்னார். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், கைப்பேசியை ஒரு முறை பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார். மங்கலான ஒன்றை நேராகப் பார்க்காதீர்கள், கொஞ்சம் பக்கத்தில் பாருங்கள். விழித்திரையின் நடுப்புள்ளியில் கோல் செல்களே கிடையாது. உற்று உற்றுப் பார்த்தால் மங்கிய நட்சத்திரம் மறைந்துவிடும், பக்கத்து இருட்டைப் பார்த்தால் ஓரக்கண்ணில் வந்து நிற்கும். வானியல்காரர்கள் தினமும் செய்வது. நான் பட்டையைவிட்டு ஒரு சாண் தள்ளிப் பார்த்தேன். கோடுகள் தனித்தனியாக எழுந்தன. அவை அசைவது தெரிந்தது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏதோ ஓடுவதும் தெரிந்தது.

இந்த இடத்தில் நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். திருந்தவில்லை. இன்னும் ஒரே ஒரு படம் என்று கைப்பேசியை எடுத்தேன். குளிரில் அதன் பேட்டரி நாற்பது சதவீதத்திலிருந்து நேராகச் செத்துப்போனது. ஒரு கையுறையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, பைக்குள் பவர் பேங்க் வயரைத் துழாவிக்கொண்டிருக்கும்போது, பனிவெளி முழுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். நான் தலையைத் தூக்குவதற்குள் அந்தப் பட்டை வடக்கை விட்டுக் கிளம்பி எங்கள் தலைக்கு மேல் வந்திருந்தது. இப்போது பச்சை. வெறும் கண்ணுக்கே பச்சை. கீழ் விளிம்பில் ஒரு இளஞ்சிவப்பு, அது நைட்ரஜனின் வேலை. பட்டை வேகமாக உதறிக்கொண்டது. பனியும் மங்கலாகப் பச்சையானது. பக்கத்தில் அக்காவின் முகம் தெரிந்தது, வாய் திறந்திருந்தது. மொத்தம் நான்கு நிமிடம் என்றார்கள். எனக்குக் கிடைத்தது கடைசி ஒன்றரை.

அந்த ஒன்றரை நிமிடத்திலும் என் மனசுக்குள் ஒரு குரல் சொன்னது: நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பெரிய படம் மாதிரி இல்லை. வெட்கமாக இருந்தது, இருந்தாலும் சொன்னது. எதுக்கு மாதிரி இல்லை? யாரோ முந்நூறு இரவுகளில் எடுத்ததில் ஒரு இரவைத் தேர்ந்து, அகலக் கண்ணாடியில் வானத்தை இழுத்து, நிறத்தைக் கூட்டிப் போட்ட ஒரு படம் மாதிரி இல்லை.

இது எனக்கு முதல் தடவையும் இல்லை. சில வருடங்களுக்கு முன் பாரிஸில் மோனாலிசாவைப் பார்க்கப் போனபோது கூட்டத்தில் முக்கால் மணி நேரம் நகர்ந்து, கடைசியில் ‘இவ்வளவு சின்னதா?’ என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். 77 செண்டிமீட்டர் உயரம், 53 அகலம், ஒரு பாப்லர் மரப் பலகை. திரும்பியபோது எதிர்ச்சுவரில் என்னமோ பெரிதாக இருந்தது. நின்று பார்க்கவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, அது வெரோனீஸ் வரைந்த கானாவூர்க் கல்யாணம், கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம், அந்த லூவர் அருங்காட்சியகத்திலேயே மிகப் பெரிய ஓவியம். அந்த அறையில் நின்ற எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

இதைப் படித்துவிட்டு, ‘எதையும் எதிர்பார்க்காமல் போங்கள்’ என்று நான் சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். அந்த அறிவுரை எனக்குப் பிடிப்பதில்லை. அந்த எட்டு மாதம் சுகமாக இருந்தது. சலிப்பான கூட்டங்களுக்கு நடுவில் மேசைக்கு அடியில் ஃபோல்டரைத் திறந்து பார்ப்பேன். 2010இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில் 1,530 பேரிடம் கேட்டார்கள். விடுமுறைக்குப் போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது போவதற்கு முன்னால்தான். திரும்பி வந்த பிறகு பெரும்பாலானவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அப்படியென்றால் எதிர்பார்ப்பு என்பது பயணத்தில் பாதி சம்பளம், அதை ஏன் வேண்டாம் என்பது? தவிர, நினைக்காதே என்றால் நினைக்காமல் இருந்துவிட முடியுமா என்ன? அக்கா மாதிரி இருப்பவர்கள் பிறவியிலேயே அப்படி. என் தப்பு வேறு இடத்தில். விமானம் இறங்கிய பிறகும் நான் ஃபோல்டரை மூடவில்லை. மழையைப் பார்த்த அன்றே மூடியிருக்கலாம். அந்த மழை அதைத்தான் சொன்னது, நான் காதில் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் பத்து மணிக்கு அக்கா என்னை எழுப்பினாள். “தூக்கம்னு எழுதியிருக்கேன்” என்றேன். “எழுதுனா என்ன, எந்திரி” என்றாள். முள் பட்டைகளை மாட்டிக்கொண்டு பாலத்தின் மேல் நடந்தோம். 1960இல் கட்டியது, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம், நடுவில் உயர்ந்து வளைந்திருக்கும். மறுகரையில் ஆர்க்டிக் கதீட்ரல் என்று கூப்பிடும் தேவாலயம், அடுக்கி வைத்த வெள்ளை முக்கோணங்களாக. பாலத்தின் உச்சியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நீலம். கீழே தண்ணீர் கறுப்பாக, அதன் மேல் ஒரு மீன்பிடிப் படகு விளக்கோடு போனது. அது கிழித்துவிட்டுப் போன கோடு ரொம்ப நேரம் மூடாமல் இருந்தது. தெற்கே ரோஜா நிறம் வந்தது, ஒரு விரல் அகலம் ஏறியது, பிறகு வந்த வழியே இறங்கிவிட்டது. விடியலும் அந்தியும் நடுவில் பகல் இல்லாமல் ஒட்டிக்கொண்ட மாதிரி. அக்கா தன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தாள். அதில் பாதி அவள் கட்டைவிரல்.

அன்று இரவு மறுபடி மேகம், இந்த முறை நிஜ மேகம். வழிகாட்டி இரண்டு பள்ளத்தாக்கு தேடிவிட்டுக் கையை விரித்தார். எல்லோரும் வண்டிக்குள் தூங்கிவிட்டோம்.

போன வாரம் கூட வேலை பார்க்கும் ஒரு தோழி, வருகிற பிப்ரவரியில் அங்கே போவதாகச் சொல்லி என் அட்டவணையைக் கேட்டாள். அனுப்பினேன். பகல் கட்டங்களில் ‘தூக்கம்’ என்றிருந்ததை மட்டும் அழித்தேன். சிறிது நேரத்தில் கேட்டாள்: “நேர்ல எப்படி இருக்கும்? போட்டோல இருக்கிற மாதிரியேவா?” பச்சை, சாம்பல், கோல் செல்கள் என்று நீளமாக ஒரு பதில் தட்டிவிட்டு அதையும் அழித்தேன். “திரையெல்லாம் அணைச்சிட்டு அரை மணி நேரம் சும்மா நில்லு” என்று அனுப்பினேன். அப்புறம் இன்னொரு வரி: “மேகம் நகர்ந்தா, காத்து அடிக்குதான்னு பாரு.”